பொம்பளப்புள்ள ஓட்டுன வண்டி

ஆவூர்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பு மக ஜெயராணிக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல இங்க நானும் ஒங்கப்பாவும் ரெண்டு ஆட்டுக்குட்டியும் சொகமா இருக்கோம், அங்கிட்டு ஓமன் வெயில்ல நீ எப்படி இருக்க, நேரத்துக்குச் சாப்புடுறியா. போன்ல சொல்லலாமேம்மான்னு கேப்ப. போன்ல சொன்னா விடும்மான்னு பாதியில வச்சுருவ, அதான் மஸ்கட்டுக்குத் திரும்புற மீனம்மாள் மகன்கிட்ட கருவாட்டோட இதையும் குடுத்துவிடுறேன். முழுசாப் படி.

காடு மேட்டுல ஓட்டுற ஒன் டர்ட் பைக்கை என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போன. நான் வீட்டுல இல்லாத நேரம் பார்த்து என் அண்ணன் மகன் ஜஸ்டின் வந்து, அப்பாகிட்ட இனிக்க இனிக்கப் பேசிச் சாவியை வாங்கிட்டுப் போயிருக்கான். ஒரு வாரம் கழிச்சுத் தள்ளிக்கிட்டு வந்து நிறுத்துனான், கிக் அடிச்சா ரெண்டு இருமு இருமிட்டு நின்னுபோச்சு. சரி, ரிப்பேர் ஆகாத வண்டி உண்டா, அதுக்கா எனக்குக் கோவம்? கோயில் முக்கு டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு, பொம்பளப்புள்ள ஓட்டுன வண்டி வேற எப்படி இருக்கும், ஜெயராணி எஞ்சினையே தின்னுட்டான்னு பேசியிருக்கான். அதைக் கேட்டுட்டு எதிர்வீட்டு சரண்யாவை அவ அப்பா இனிமே வண்டி பழகக் கூடாதுன்னுட்டாரு. இப்பத்தான் கியர் மாத்தக் கத்துக்கிட்டா பாவம். அந்தப் புள்ள அழுதுக்கிட்டு வந்து சொன்னப்ப எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அண்ணன் மகனா இருந்தா என்ன, இவனைச் சும்மா விடுறதில்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

நீ காட்டிக் குடுத்த மாதிரி பிளக்கைக் கழட்டுனேன், கன்னங்கரேல்னு எண்ணெயில நனைஞ்சு கெடக்கு. பிரஷ்ஷால தேய்ச்சு, பெட்ரோல்ல கழுவிக் காயவச்சு மாட்டிக் குடுத்தேன், ஒங்கப்பா ஓட்டிப் பார்த்தாரு, ரைஸ்மில்லைக்கூடத் தாண்டல, மறுபடி நின்னுபோச்சு. மூக்கைச் சிந்திவிட்டா சளி போயிருமா? டேங்க்கைத் தொறந்து மோந்து பார்த்தேன், அடப்பாவி! டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோட அளவாக் கலக்க வேண்டிய ஆயிலைக் கண்ணு மண்ணு தெரியாம ஊத்தியிருக்கான், கூட ஊத்துனா எஞ்சினுக்குப் பலம்னு நெனப்பு, மீன் கொழம்பா வைக்கிறான்? ஏர் பில்டர் பஞ்சு பூராவும் செம்மண்ணு. அதோட, வாரம் முழுக்க கோயில் தெருவுலயே தேர் மாதிரி உருட்டியிருக்கான், நல்லா முறுக்கி ஓட்டுனாத்தான பிளக்கு சூடேறிச் சுத்தமாகும். எல்லாத்தையும் கொட்டிட்டு, பஞ்சை சோப்புத் தண்ணியில அலசிக் காயவச்சு எண்ணெய் தடவி, டானிக் மூடியால ஆயிலை அளந்து புது பெட்ரோல்ல கலந்து, புது பிளக்கு போட்டேன். ஒரே மிதி, எந்திரிச்சுக்கிச்சு.

இப்பக் கேளு கூத்தை. ஈஸ்டர் முடிஞ்சு வத்துன கண்மாய்க்குள்ள நடக்கப்போற பைக் ரேஸுக்குன்னு ஜஸ்டினும் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கியிருக்கான். அதே கை, அதே ஆயிலு. பிளக்கை மாத்தி மாத்திப் போடுறான், வண்டி நின்னு நின்னு மானத்தை வாங்குது. உச்சி வெயில்ல தள்ளிக்கிட்டு நம்ம வாசலுக்கே வந்து, அத்தை ஒங்க வண்டி எப்படிச் சரியாச்சுன்னு கேட்டான். ஒரு சொம்பு மோரு குடுத்தேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, ஆம்பளப்புள்ள ஓட்டுற வண்டி வேற எப்படி இருக்கும் மருமகனேன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. எனக்கு அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.

ஒங்கப்பா சொல்லித் தொலையேங்குறாரு. சாமியாரும் பிரசங்கத்துல மன்னிப்பைப் பத்தி என்னையே பார்த்துப் பேசுன மாதிரி இருந்துச்சு. மன்னிக்க மாட்டேன்னு யாரு சொன்னா? எந்த டீக்கடையில பேசுனானோ அதே டீக்கடையில, சரண்யா அப்பா இருக்கும்போது, வண்டியைக் கெடுத்தது நான்தான்னு சொல்லட்டும். மறு நிமிஷம் நானே அளந்து ஊத்திக் குடுக்கிறேன். அதுவரைக்கும், வண்டியைச் சும்மா போடக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கல்ல, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் அவன் வீட்டு வாசல்வரை தள்ளிட்டுப் போயி, ஸ்டார்ட் பண்ணி நல்லா முறுக்கிவிட்டுட்டு வாரேன்.

வெயில்ல அலையாத, தண்ணி நெறையாக் குடி, மாதா ஒனக்குத் தொணையா இருக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துறாத. ஜஸ்டின் ஒனக்குத்தான் அடுத்து போன் போடுவான், சின்னப்புள்ளயில ஒண்ணா வெளையாடுனதையெல்லாம் பேசுவான், நீ எளகுன மனசுக்காரி. இன்னிக்குக் காலையிலயும் சரண்யா பஸ்ஸை விட்டுட்டு காலேஜுக்குப் போக முடியாம அழுதுக்கிட்டே திரும்பி வந்தா. அவன் வாயைத் தொறக்குற வரைக்கும் நீ வாயைத் தொறக்காத.

இப்படிக்கு,
ஒன் அம்மா
அடைக்கலமேரி