நீல பேண்ட்டில் சாம்பல் ஒட்டு

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டியதால் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவைத்தேன். வயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. விரைவீக்கம். விரைப்பையில் நீர் கோத்துக்கொண்டு அந்தப் பாரத்தை வருஷக்கணக்காகச் சுமந்தார் மனுஷன். கீறி, நீரை எடுத்து, தைத்து அனுப்பிவிட்டார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க என்று டாக்டர் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கூரை பறந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் அருமை மாமா, என் கூடப்பிறந்த அண்ணன். இனி அவனுக்கு 'அவர்' கிடையாது, அந்த மரியாதையெல்லாம் போச்சு. பாட்டில் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர், அப்பா அவனுக்குக் கீழே பெட்டி கட்டுகிறவர், அது உனக்குத் தெரியும். அப்பா காலை அகட்டி நடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும், தண்ணிக்குடம் வருது, வழி விடுங்கடா, தளும்பிடப் போகுது என்றானாம். அன்றிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் தண்ணிக்குடம்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் நிஜப் பெயர் என்று நினைத்துக் குடம் அண்ணே, குடம் அண்ணே என்று மரியாதையாக வேறு கூப்பிடுகிறார்களாம்! லீவு வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லி அவனிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கூச்சத்திலேயே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். நானும் அவருடைய சாம்பல் நிற யூனிஃபார்மைப் பிரித்துப் பிரித்து, இரண்டு காலும் சேருகிற இடத்தில் துணி வைத்து அகலமாக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் என் அண்ணனைத் திட்டினேன். கடைசியில் மெஷின் பழுது என்று கம்பெனியை மூடிய சமயம் பார்த்துத்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கம்பெனி திறந்த அன்று அப்பா நிமிர்ந்து, நேராக நடந்து வேலைக்குப் போனார். வாசலிலிருந்து பார்த்தேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயந்திரம் திரும்பி வந்தவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. என்ன காலிக்குடமா வந்திருக்கே என்றானாம் அந்தப் பாவி. இனி வேலைக்குப் போகமாட்டேன், உன் தையல் கடையிலேயே உட்கார்ந்து பட்டன் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

நாலு நாள் கழித்து உன் அத்தை கடைக்கு வந்தாள். கையில் மாமாவின் நீல பேண்ட். நீலம் சூப்பர்வைசருக்கு மட்டும்தான். தொப்பை விழுந்துடுச்சும்மா, கொஞ்சம் தளர்த்திக் கொடு என்றாள். இடுப்பை விடணுமா என்று கேட்டேன். இடுப்பு சரியா இருக்கு, அதுக்குக் கீழே என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தொப்பை எப்போதிலிருந்து இடுப்புக்குக் கீழே விழ ஆரம்பித்தது? உன் அப்பாவுக்கு நான் தைக்காத அளவா அது! வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, நாளைக்கு அவனையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல் என்று அனுப்பினேன். ஒட்டுப்போட்டு, கடை முகப்புக் கம்பியில், காலை நன்றாக விரித்துத் தொங்கவிட்டேன். கம்பெனி ஆட்கள் வீட்டுக்குப் போகிற வழி அதுதானே.

ஷிப்ட் முடிந்து வந்தான். கூடவே முக்கால்வாசிக் கூட்டம். பேண்ட்டைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. இறக்கித் தொலை, மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்தான். கூலி வேண்டாம், உள்ளே இருக்கிற என் வீட்டுக்காரரை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, கொடுக்கிறேன், இல்லையென்றால் நாளைக்கும் இங்கேதான் தொங்கும் என்றேன் சத்தமாக. உன் அப்பாவோ உள்ளேயிருந்து, விட்டுடு, பாவம், அவருக்கும் வலிக்கும் என்கிறார்! இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய? ஆனால் நான் விடவில்லை. முதலில் முணுமுணுத்தான். காதில் விழவில்லை என்றேன். அப்புறம் கூப்பிட்டான், தெருவுக்கே கேட்டது. இத்தனை வருஷம் கழித்து என் அண்ணன் வாயில் உன் அப்பா பெயரைக் கேட்டேன். மறுநாள் அப்பா வேலைக்குப் போய்விட்டார். இதுதான் உங்க பேரா அண்ணே என்று அந்தப் புது ஆட்கள் ஆச்சரியப்பட்டார்களாம்.

மாமா உனக்குப் போன் செய்து எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று துருவுவான். தெரியாது என்று சொல். அப்பா சொல்லத் தயாராக இருக்கிறார், அதே சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் இவன் கேட்கட்டும். நீயும் கேட்டுக்கொள், உடம்பில் எங்கே எது வீங்கினாலும் வெட்கப்பட்டு மூடிவைக்காதே, நேராக டாக்டரிடம் போ. நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு நீ நீடூழி வாழ வேண்டும் என் கண்ணே. மறக்காமல் அப்பாவோடு பேசு, வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கடையில் நீலத் துணி இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த ஒட்டை அப்பாவின் பழைய சாம்பல் பேண்ட்டிலிருந்துதான் வெட்டிப்போட்டேன், அவருக்குத்தான் இனி அந்த அகலம் வேண்டாமே. மாமா இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறான். காலை அகட்டினால் ஒட்டு தெரிகிறது, ஒட்டி நடந்தால் வலிக்கிறது. நடக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா