ஜன்னலோரத்துத் தனிக் குடுவை

மகளே,

அறுவைக்கு முன் அப்பாவின் நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த சதையின் சோதனை முடிவு, அவரைப் புதைத்த பிறகு, இன்றுதான் மொண்டெவிதேயோ ஆய்வகத்திலிருந்து வந்தது. நுரையீரல் புற்றுநோய் இல்லையாம். ஸ்கேன் படத்தில் அச்சு அசல் அப்படியே தெரியும் நிணநீர்ப் புற்றுநோயாம். அபூர்வமானது, மெதுவாக வளர்வது.

"கத்தியே வச்சிருக்க வேணாம்மா, மருந்து ஏத்தியே அடக்கியிருக்கலாம். முடிவு வரட்டும்னு எவ்வளவோ சொன்னேன்," என்றாள் டாக்டர்.

பொறுக்கிற மனிதரா அவர்? எல்லோரும் ஒரே குடுவையில், ஒரே குழலில் மாத்தே தேநீரை உறிஞ்சிக் குடிக்கிற வீட்டில், தன் நோய் நமக்கும் ஒட்டிவிடும் என்று தனிக் குடுவையோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். "அறுத்து எறிஞ்சுட்டு வந்து உங்க வட்டத்துல உக்காருறேன்டி கிழவி," என்று கண்ணடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுவை மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"குழல் வழியா ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டவே ஒட்டாதும்மா. அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!"

மாலையில் அவர் குடுவையில்தான் ஊற்றினேன். உன் அண்ணன் குழலைத் துடைக்காமல் குடித்துவிட்டு, அவருக்குக் குடுவை நிரப்பிக் கொடுத்த பழக்கத்தில் ஜன்னலோர நாற்காலிப் பக்கம் நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. நான் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன்.

மாட்ரிட்டில் குளிராமே, போர்த்திக்கொள்.

அம்மா