மாமா திருப்பி ஓட்டிப்போன மாடு

மாமா,

இன்று காலை பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டதென்று ஒரு கிண்ணம் சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏலக்காய் போட்டு அவித்தது. வாசனை நன்றாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு உங்கள் மகள் பக்கம் தள்ளினேன். "எங்கப்பா நெனப்பு வந்துருச்சாக்கும்?" என்றாள். வராமல் எப்படி?

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், நான் மதுரை–பேரையூர் பஸ்ஸில் கண்டக்டர். வயிறு என்னைப் பாடாய்ப் படுத்தியது. எத்தனை முறை போய்விட்டுக் கிளம்பினாலும் திருமங்கலம் தாண்டியதும் முறுக்கி எடுக்கும். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கருவேலங்காட்டுக்குள் ஓடுவேன். ஜன்னலெல்லாம் சிரிக்கும். "இன்னொரு தடவ வண்டி நின்னுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கேட்டவர்களெல்லாம் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: வயிற்றுப்புண், பால் குடி. டாக்டரும் அதையே சொன்னார். நீங்கள் ஒரு படி மேலே போய், உங்கள் ஊர் எழுமலையிலிருந்து ஒரு கறவை மாட்டை இரண்டு நாள் நடத்திக் கூட்டிவந்து என் வாசலில் கட்டினீர்கள். "மாப்ள வயித்துக்குன்னே வாங்குனது. ஒரு சொட்டு விக்கக் கூடாது." வேளைக்கு ஒரு செம்பு குடித்தேன். மாமனார் கொடுத்த மாடாயிற்றே! வயிறு இன்னும் மோசமானது. அதற்கும் அரைச் செம்பு கூட்டினார்கள். என்ன கொடுமை!

மாடு சினையாகிக் கறவை நின்ற இரண்டு மாதமும் நான் சௌக்கியமாக இருந்தேன். ஏனென்று யோசிக்கக்கூட இல்லை. கன்று போட்டதும் பழைய கதை. அப்போதுதான் ஒருநாள் பேரையூரில் என் பஸ்ஸில் ஏறினீர்கள். நான் காட்டுக்குள்ளிருந்து தலைகுனிந்து திரும்பியதையும் பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்தபின் கேட்டீர்கள்.

"வலிச்சப்ப என்ன சாப்பிட்டீகன்னுதேன் எல்லாரும் கேக்குறாக. நல்லா இருந்தப்ப என்ன சாப்பிட்டீக மாப்ள?"

எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வயிறு சரியில்லை என்று சொல்கிறவர்களிடம் இன்றைக்கும் பத்தியம் சொல்வதை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறேன்.

"அப்ப வீட்ல பாலே இல்லையேப்பா" என்றாள் உங்கள் மகள். நீங்கள் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அப்படின்னா நாந்தேன் ஒங்களக் கெடுத்திருக்கேன். பத்து நாளைக்குப் பாலத் தொடாதீக, பாப்போம்."

பத்து நாளில் வயிறு அடங்கியது. மறுநாளே வந்து மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். மாடு வாசலில் நின்றால் உங்கள் மனம் கோணக் கூடாதென்று நான் குடித்துவிடுவேன் என்று தெரிந்து வைத்திருந்தீர்கள். அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன், மாமா. பிள்ளைகள் படித்தது அதில்தான்.

உங்கள் கருமாதிப் பந்தியில்தான் மீதிக் கதை தெரிந்தது. "மருமகனுக்குக் குடுத்த மாட்டையே திருப்பி ஓட்டிட்டு வந்த கஞ்சப்பய" என்று ஒருவர் சொல்ல, பந்தியே சிரித்தது. ஊர் கேட்டபோது, "எனக்குத் தேவைப்பட்டுச்சு, வாங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னீர்களாம். மாப்பிள்ளை மானம் போய்விடுமென்று உங்கள் மகளையும் வாய் திறக்க விடவில்லை. இத்தனை வருடம் எனக்காகவா மாமா அந்தப் பேச்சைக் கேட்டீர்கள்?

இலையை விட்டு எழுந்தேன். கருவேலங்காட்டையும் முதலாளி ஏசியதையும் ஒன்று விடாமல் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உங்கள் மகள் அழுதாள். ஊரில் இப்போது என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் மாமா. நன்றாகச் சிரிக்கட்டும்.