முந்நூறு சேனலும் ஒரு தொப்பிப் படமும்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. லம்பா லைன் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். சென்னையிலிருந்து வரும் காலை விமானம் தீவில் இறங்காமல் திரும்பிவிட்டது. நானாக இருந்தால் இறக்கியிருப்பேன். துறைமுக ஜெட்டியில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு காற்றா.

மாதப் பணத்துக்குக் கேபிள்காரன் ராவ் வந்தான், குடையோடு. நானூற்றிருபது. முந்நூறு சேனலாம். நானும் என் வீட்டுக்காரி பிலோமியும் பார்ப்பது நாலு. மீதியெல்லாம் இந்தி, வங்காளம், தெலுங்கு. ஒருத்தன் நாள் முழுக்கக் குக்கர் விற்கிறான். தமிழை மட்டும் தா என்றால் தர மாட்டானாம், எல்லாம் ஒரே கட்டாம். கால் கிலோ சாளை மீன் கேட்டவன் தலையில் கூடையையே கவிழ்க்கிறார்கள்.

சர்ச் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ஆபீஸ் என்ஜினீயர்களே என் கணக்கைப் பார்த்து வாயில் கை வைத்ததுண்டு.

கேபிள் – 420.
ஓ.டி.டி. தனித்தனியாக – படத்துக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று. கூட்டினால் கேபிளைத் தாண்டுகிறது.
ஓ.டி.டி., மகன் கணக்கில் – 0.
நெட் – எப்படியும் கட்டுகிறோம். சேர்க்க வேண்டாம்.

பூஜ்ஜியம் ஜெயித்தது.

"எம் மவன் சென்னையில அஞ்சு ஆப்பு வச்சிருக்கான்டா, எல்லாம் எனக்குத்தான்" என்றேன் ராவிடம். ஒன்றுதான். அவனுக்கு எதற்கு அந்த விவரம்.

"அங்கிள், பேட்டே கா பாஸ்வேர்டு பக்கா நஹி ஹோத்தா. சோச் லோ." மகன் பாஸ்வேர்டை நம்பாதே, யோசி என்று எனக்கே புத்தி சொல்கிறான்.

கேபிளே வேண்டாம் என்று பெட்டியை ரிமோட்டோடு கொடுத்தனுப்பினேன். பேட்டரி இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டேன். அது என் காசு.

பிலோமி: "எஞ் சீரியலு?"
"எல்லாம் வரும்."

ஜூன் 10, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

ஆப்பைத் திறந்தேன். கிறிஸ்துமஸுக்கு மகன் ஜெரால்டு வந்திருந்தபோது டிவியில் போட்டுத் தந்தது. ஆளுக்கு ஒன்றாக நாலு வட்டம். ஜெரால்டு, மருமகள் ரேகா, பிள்ளைகள், அப்பா. அப்பாவுக்குக் கப்பல் கேப்டன் தொப்பி. அவனேதான் தேடி எடுத்தான். "நீ கேப்டன் மாதிரிதான திரிவ" என்று சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவை.

பக்கத்து வீட்டுச் செல்வராணியையும் அவள் புருஷனையும் கூப்பிட்டுக் காட்டினேன். தொப்பிப் படம் கம்பெனிக்காரன் எனக்கென்றே வரைந்தது என்றேன். நம்பினார்கள். ஒரு பேய்ப் படம், பாதி வரை பார்த்தோம். கரண்ட் போய்விட்டது.

பிலோமியின் சீரியல் இதில் இல்லை. அதற்கு வேறு ஆப்பாம். கரண்ட் திரும்பியதும் ஏழு மணிக்குப் பின்பக்கம் நின்று ஒரே குண்டானை அரை மணி நேரம் தேய்த்தாள். செல்வராணி வீட்டு டிவி சத்தம் அங்கேதான் கேட்கும். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

மூன்று நாளாகக் கரண்ட் வருவதும் போவதும். இன்றுதான் போகாமல் நின்றது. பேய்ப் படத்தை முடிக்கலாம் என்று டிவியைப் போட்டேன்.

இங்கிலீஷில் இரண்டு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த டிவி ஜெரால்டு வீட்டைச் சேர்ந்தது இல்லையாம். மகன் போனுக்கு ஒரு நம்பர் போகுமாம், அதைப் போட வேண்டுமாம்.

அவனுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை கட் செய்தான். மூன்றாவதில் எடுத்தான்.

"வேலையா இருக்கேம்ப்பா. என்ன?"
"டிவியில நம்பர் கேக்குது, மக்கா."
"இப்பல்லாம் ஒரு வீட்டுக்குத்தான் குடுக்கான். நீ எதுக்கு அதத் தொறந்த? கேபிள் இருக்குல்லா?"

முதல் நம்பர் வந்து சேர்வதற்குள் காலாவதி. இரண்டாவது வேலை செய்தது. நாலு வட்டம் வந்தது. தொப்பி இருக்கிறது. கீழே அப்பா இல்லை. மாமா.

திரும்பவும் போன் போட்டேன்.

"ரேகா அப்பா செவ்வாக் கெழமதான் இங்கேயே வந்துட்டாரு. அவருக்கு மாத்திக் குடுத்தேன். நீதானப்பா ஈஸ்டர் அன்னைக்குச் சொன்ன? ஒன் ஓசி எனக்கு எதுக்குல, எங்கிட்ட முந்நூறு சேனல் கெடக்குன்னு?"

சொன்னேன். அப்படித்தான் சொல்லுவேன். என் வாய் அவனுக்குத் தெரியாதா.

இங்கேயே வந்துட்டாரு. டிக்கெட் போட்டு எங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவன் சொல்லி இரண்டு வருஷம். அந்த வீட்டில் ஒரு ரூம்தான் கூடுதல், அதை நான் வீடியோ காலில் பார்த்திருக்கிறேன்.

தொப்பியைத் திறந்தேன். நான் பாதியில் விட்ட படம் முடிந்திருந்தது. கடைசியில் பேய் யாரென்று சம்பந்திக்குத் தெரியும்.

பிலோமியிடம், இந்தியா முழுக்க லைன் கோளாறு என்றேன். "அவங்கிட்ட பேசினியளே, டிக்கெட்டு எதும் சொன்னானா?" என்றாள். சொன்னான், மழை முடியட்டும் என்றான் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

தூறல். குட்வில் எஸ்டேட் பக்கம் போய் ராவைப் பார்த்தேன். ஓ.டி.டி. வெளிச்சம் நரம்புக்கு ஆகாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் தாங்கவில்லை.

"நயா கனெக்ஷன் லகேகா, அங்கிள். புரானா க்ளோஸ்." பழையது முடிந்ததாம். புது இணைப்புக் கட்டணம் கட்டினேன். பூஜ்ஜியம் இதில்தான் முடிந்தது.

சாயங்காலம் பெட்டி வந்தது. அதே பெட்டி, மூலையில் என் வீட்டுச் சுண்ணாம்புக் கறை. அதே ரிமோட், பேட்டரி இல்லாமல். கழற்றி வைத்திருந்ததை எடுத்துப் போட்டேன்.

ஏழு மணி. பிலோமி நாற்காலியை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். விளம்பரம் வந்ததும் கேட்டாள்: "ஏங்க, எப்படி மனசு மாறினிய?"

வாய் நிற்குமா. "ஒம் மவன்தான். அம்மாவுக்குச் சீரியல் போகக் கூடாதுன்னு கேபிளுக்கு அவனே பணம் அனுப்பிட்டான்."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆறு மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"எம் புள்ள! இருங்க, ஒரு வார்த்த சொல்லிடுதேன்."

சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் பார்க்கவில்லை. போன் அவள் காதில். நான் இங்கே சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இத்தனை வருஷமாக அவன் போனை எடுக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டவன், இன்றைக்குத்தான் எடுக்கக் கூடாது என்று கேட்கிறேன்.

"ரிங்கு போவுது, எடுக்கலிய. பாவம், வேலையா இருப்பான்."

மறுபடி போடுகிறாள்.