தாமதமாக இமைக்கும் கண்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம் என்று தொடங்குவது வழக்கம்; தொடங்கிவிட்டேன். அங்கே நர்ஸ் வேலையில் உனக்கு உட்கார நேரம் கிடைக்கிறதா?

மூன்று வாரம் முன்பு நான் ஓட்டிய பஸ்ஸைப் பின்னாலிருந்து லாரி இடித்ததை எழுதியிருந்தேன். கழுத்து வலிக்கிறது என்றதற்கு, "போன தடவை இடுப்பு, இப்போ கழுத்தா? நடிக்காதீங்க" என்று பதில் போட்டாய். உன் அண்ணன் வீடு மாற்றிய அன்றுதான் எனக்கு இடுப்பு பிடித்தது, மறுக்கவில்லை. டிப்போ மேனேஜரும் உன் கட்சி. நான் பொய்க்காரணம் சொல்லி வாங்கிய லீவுகள் அவரிடம் தடிமனான ஃபைலாக இருக்கின்றன. "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. ஒண்ணுமில்லேன்னா திங்கட்கிழமை வண்டி எடுக்கணும்" என்றார்.

ஊசி குத்துவார்களோ என்ற பயத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியே இல்லை. கண்களுக்குக் கீழே சின்னச் சின்ன ஒட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள். புருவத்துக்கு மேலே சுண்டிவிட்ட மாதிரி ஓர் அதிர்வு. கண் தானாக இமைக்கும். முகநரம்பு எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று மெஷின் கோடு போடும். கழுத்தின் மேல்பகுதியில் அடி பலமென்றால் அந்தப் பதில் தடுமாறலாமாம்.

நான் சும்மா இருப்பேனா? அதிர்வுக்கு முன்பே இமைத்தேன். டெக்னீஷியன் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணே, நீங்க இமைச்சா கோடு வேற, நரம்பு இமைச்சா வேற. பேசாம படுங்க" என்றாள். ஐம்பது வருஷத்தில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்த இரண்டாவது பெண்.

படுத்தேன். வலது கண் நேரத்துக்கு வந்தது. இடது கண் ஒவ்வொரு முறையும் தாமதம். ஒட்டுகளை எடுத்து, துடைத்து, புதிதாக ஒட்டிப் பார்த்தாள். அப்போதும் தாமதம். அதற்குப் பிறகு அவள் என்னை அதட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மெஷின் என்னைப் பொய்யன் என்று சொல்லியிருந்தால் திங்கட்கிழமை ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

இனி ஸ்கேன், பிறகு ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறார் டாக்டர். மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்ததும் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வண்டியை வேறு டிரைவர் பேருக்கு மாற்றி எழுதினார்.

ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். என்னைவிட உனக்குச் சீக்கிரம் புரியும். உன் ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்குமா என்று சும்மா விசாரித்து வை. லீவு லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. விசாரித்து மட்டும் வை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்