கறுப்பு ராடு ஆறும் நலம்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை மாணிக்கத்துக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் லோரியும் நலம். அதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று மத்தியானம் படுத்தவன், சாயங்காலக் கோப்பிக்கு எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் பட்டறையில் வைத்து உன்மேல் பாய்ந்தேன். "ஸ்டீரிங் பிடிக்கிறவனுக்கு எஞ்சினுக்குள்ள என்ன வேலை?" என்று கேட்டேன். நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று நினைக்கிறாய்?

என்ன சண்டை என்பது உனக்கு மறந்திருக்காது. உன் வருஷ நினைவாக இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், அதில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். புக்கிட் பூத்துஸ் மேட்டில் முழுப் பாரத்தோடு மூன்றாம் கியரிலேயே ஏறிவிட வேண்டும் என்பது உன் ஆசை. அதற்காக டீசல் பம்பைத் திறந்துவிடச் சொன்னாய். எண்ணெய் கூடினால் வெடிப்பு கூடும். அந்த அடி முழுவதையும் வாங்குவது கனெக்டிங் ராடு. மேலே பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்கையும் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை அது. ஓடும்போது அது முறிந்தால் எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மேட்டில் வைத்து முறிந்தால் லோரியை யார் பிடித்து நிறுத்துவது? ஆகவே பழைய ராடுகள் தாங்காது, ஆறையும் மாற்ற வேண்டும் என்பதில் நம் இருவருக்கும் பேச்சே இல்லை. எந்த ஆறு என்பதில்தான் முட்டிக்கொண்டோம்.

நான் சிங்கப்பூரிலிருந்து ஒரு செட் வரவழைத்திருந்தேன். பளபளவென்று, கைக்கு லேசாக, பார்த்தாலே ஆசை வரும். புதுசு என்று விற்றவன் சத்தியம் செய்தான். நீயோ பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில், அதே ரகப் பட்டாள லோரியிலிருந்து கழற்றிய ஆறு ராடைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து போட்டாய். கறுப்பாக, தடித்தடியாக, கண்கொண்டு பார்க்க முடியவில்லை. "மேட்டுல அடி வாங்குறது அதுதான்யா. எளச்சவன் முதுகுல மூட்டைய ஏத்துவியா?" என்றாய். அதற்குத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சாக்கைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு, லோரியை விற்றுவிடு என்று ஊரே அமிர்தத்திடம் சொன்னது. நானும் சொன்னேன். என் தங்கச்சியை உனக்குத் தெரியாதா? "எஞ்சினப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காரு. முதல்ல பூட்டிக் குடுண்ணே, மத்தத அப்புறம் பேசலாம்" என்றுவிட்டாள். அந்த எஞ்சினைத் தொட எனக்கு மனசு வருவதற்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஓட்டுவதற்குப் பக்கத்து வீட்டு நடராஜா வருகிறேன் என்றார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டி வீட்டுக்காரர், கோயிலில் நம்மைவிட உருக்கமாகக் கும்பிடுவார், வாயைத் திறந்தால் மலாய்தான். மூன்று பிள்ளைகள். அவர் உயிரும் அமிர்தத்தின் பிழைப்பும் நான் பூட்டப்போகும் ஆறு இரும்பில் இருந்தன.

நான் எந்த ஆறை எடுத்தேன் என்று கேட்கவே வேண்டாம். நீ இருக்கும்போதே விட்டுக்கொடுக்காதவன், நீ இல்லாதபோதா விட்டுக்கொடுப்பேன்? பளபள செட்டை ஜாலான் பெண்டஹாரா தெரு மளிகைக் கடைக்குத் தூக்கிப் போய்த் தராசில் வைத்தேன். ஆறும் ஒரே எடை இருந்தால்தான் எஞ்சின் உதறாமல் ஓடும். ஒரு தாஹில் எடைகூடப் பிசகவில்லை. மிளகாயெல்லாம் கிரீஸ் வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் வைதார். அந்த வசவை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிரீஸ் போக ராடுகளை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தேன். அப்போது அமிர்தம், நீ திருநீறு வைத்திருந்த பால் டின்னோடு வந்து நின்றாள். திருநீறு பூசாமல் எந்தச் சாமானையும் எஞ்சினுக்குள் போக விடமாட்டாயே நீ! நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! எஞ்சினுக்கு வேண்டியது எண்ணெய், சாம்பல் இல்லை என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன்! அவளை மட்டும் கேலி செய்ய வாய் வரவில்லை. ஒவ்வொரு ராடுக்கும், கிராங்கைப் பிடிக்கும் பெரிய வளையத்துக்குச் சற்று மேலே, உலர்ந்த திருநீற்றை அழுத்தி மூன்று பட்டை போட்டாள். உதடு மட்டும் அசைந்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் நடராஜாவைக் கூட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து, சாம்பல் எஞ்சினுக்குள் போகக் கூடாதே என்று ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நாலாவது ராடைத் தொட்ட கை நின்றுவிட்டது. வெள்ளைப் பட்டை மூன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. துடைத்துவிட்டு நானே மறுபடி பூசினேன். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே கோடு. ஐந்தாவதிலும் ஒன்று. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் சாம்பலில் கசிந்து வருகிறது, மாப்பிள்ளை! விற்றவன், ஓடித் தேய்ந்த ராடுக்கு மெருகு போட்டுப் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறான். மெருகைப் பார்த்து நான் மயங்கியிருக்கிறேன்.

"போலே பாக்காய்?" என்று நடராஜா கேட்டார், பூட்டலாமா என்று. முடியாது என்று தலையாட்டினேன். அவருடைய கடைசிப் பெண் வாசலில் நின்று அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு உன் சாக்கை அவிழ்த்தேன். ஒரு வருஷத் தூசி. ஆறையும் கழுவி, ஊறப்போட்டு, மறுநாள் காலை என் கையாலேயே திருநீறு பூசினேன். ஆமாம், நானேதான். அமிர்தம் கோப்பியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒன்றில்கூடக் கோடு வரவில்லை. எடைதான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. மூன்று நாள் அரம் போட்டு, அதே தராசுக்கு நாலு தடவை நடந்து சரிக்கட்டினேன். கடைக்காரர் இப்போது தராசில் விரிக்க எனக்கென்று ஒரு கிழிந்த சாக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"அவரு சொன்னதுதானேண்ணே?" என்று அமிர்தம் ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் கீழே விழுந்த ஏதோ ஒன்றைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, தெரியுமா? அமிர்தம் சின்னதாக ஒரு கொடி தைத்து லோரியின் முகப்பில் கட்டினாள். அந்தக் கொடியோடுதான் சிரம்பானுக்கு முதல் நடை. முழுக்க அரிசி மூட்டை. பம்பை நீ கேட்ட அளவுக்குத் திறந்துவிட்டு நானும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே ஏதாவது நடந்தால் நடராஜா மட்டும் போகக் கூடாது என்று நினைத்தேன். கோலா பிலா ஊரைத் தாண்டியதும் அந்தப் புக்கிட் பூத்துஸ் மேடு தொடங்கியது. நடராஜாவின் கை கியர்க் கம்பிக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தது. மாற்றவே இல்லை. உச்சி வரைக்கும் மூன்றாம் கியர், ஒரே சத்தம், ஒரு தட்டல் கிடையாது.

மேலே, நீ வழக்கமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி, சூடாக இருந்த எஞ்சின் மூடிமேல் கையை வைத்து, "நீ சொன்னதுதான் சரி, மாப்பிள்ளை" என்றேன். சத்தமாகவே சொன்னேன். உனக்குக் கேட்டதா? ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அங்கேதான் இறங்கியது. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நடராஜா என் பக்கம் பார்க்காமல் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நாலாவது ராடைப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். எந்தப் பழுதும் என் கண்ணுக்குத் தப்பாது என்று நான் யாரிடமாவது ஆரம்பித்தால், அமிர்தம் அதைக் கையால் காட்டுவாள்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி என் கையால் பூட்டும் ராடு எதுவும் திருநீறு காணாமல் எஞ்சினுக்குள் போகாது. மண்ணெண்ணெய் கசிகிறதா என்று பார்க்கத்தான், சாமிக்காக இல்லை என்று அமிர்தத்திடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். முந்தாநாள் வேறொருவர் லோரிக்குப் பெட்டி பிரிக்காத புது ராடு ஆறு வந்தது. மண்ணெண்ணெயில் நான் நனைக்கவே இல்லை. பட்டறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உன் பால் டின்னைத் திறந்து ஆறுக்கும் பூசிவிட்டேன். அவளிடம் சொல்லிவிடாதே.

உன் கூட்டாளியும் மச்சானுமாகிய
கோவிந்தன்
காஜா பேராங், மலாக்கா