மஞ்சள் கோடு போட்ட நட்டு

அன்பு மகள் ரஞ்சனிக்கு வடக்குப்பட்டிலிருந்து அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, வாசலில் படுத்துக்கொண்டு யாரைப் பார்த்தும் குரைக்காத மணி, எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் வீடியோவில் உன் கன்னம் வேறு மாதிரி சொல்கிறது. ஜப்பான் குளிருக்கு வெறும் நூடுல்ஸ் போதாதடி, ரசம் வைத்துக் குடி. நம்ம தெரு லோகேஷ் அடுத்த வாரம் உன் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறானாம், பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், அந்தப் பையில்தான் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அப்புறம் அவரைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

சங்கதி இதுதான். லேடீஸ் ஹாஸ்டலுக்கு நான் காலை டிபன் கொடுக்கிறேன் அல்லவா, இத்தனை நாளும் உன் அப்பா மொபெட்டில் என்னையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போவார். போன மாதம் அவரைக் காலை ஷிப்டில் போட்டுவிட்டார்கள், விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எனக்கு மொபெட் ஓட்ட வராது, சைக்கிள்தான் வரும். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தேன், இன்டர்வியூவுக்குப் போன ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது, அதோடு அந்த டிரைவர் என்னைப் பார்த்தாலே வேகத்தைக் கூட்டுகிறான். அதனால் என் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு வண்டி செய்து தருகிறேன் என்று உன் அப்பா கிளம்பினார்.

கிளம்பியவர் சும்மா கிளம்பினாரா? காகிதத்தில் படம் போட்டார், நாடாவைக் கொண்டு இட்லிக் குண்டானை அளந்தார், என்னையும் அளந்தார், ஏன் என்றால் லோடு கணக்காம். படப்பையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற சிவசங்கர் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தான். அதற்குக் கீழே நாலு மூலையிலும் சின்னச் சின்னச் சக்கரம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புமே, கம்பெனி டிராலியில் இருக்கிற மாதிரி. மனிதர் இத்தனை வருஷமாக அந்த டிராலியைத்தானே தள்ளுகிறார். நம் கூடத்து டைல்ஸில் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார், வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. "இன்னா ஸ்மூத்து பாரு, குழந்தை கூட இஸ்துகினு போவும்" என்று ஒரே பெருமை. நானும் கை தட்டினேன். அவர் தள்ளுகிற தரை கண்ணாடி மாதிரி இருக்கும், நம்ம ரோடு அப்படி இல்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை தெருமுனை தாண்டியதும் புதிதாக பிளாட் போட்ட இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஒரு சக்கரம் கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது, அப்படியே ஜல்லியில் புதைந்து வண்டி சாய்ந்துவிட்டது. சாம்பார் அத்தனையும் ரோட்டில். இட்லியையும் சட்னியையும் கேரியரில் கட்டிக்கொண்டு ஓடினேன், பாதிப் பெண்கள் பஸ் ஏறிவிட்டார்கள். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிற சசிகலா, "இன்னாக்கா இது, வேலைக்குப் போற பொண்ணுங்க பட்டினியா போவுது? ஒரு வாரம் பாக்கறேன், அடுத்த திங்கக்கெழம இப்டி ஆச்சுனா வேற மெஸ்ஸுக்கு சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. போனால் போகட்டும் என்று உன் அப்பா சொன்னார், எனக்கு அப்படி விட முடியவில்லை ரஞ்சனி. நீ போன பிறகு விடியற்காலையில் எழுந்து யாருக்காக அடுப்பு மூட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பெண்கள் தட்டைக் கழுவிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது.

அந்த வாரம் முழுக்க சைக்கிளில் இரண்டு நடையாகப் போய்ச் சமாளித்தேன், முழங்கால் வீங்கிவிட்டது. வண்டிக்குப் பெரிய சக்கரம் வேண்டும், அதுவும் ஜோடியாக. கடைகளில் கிடைத்த பழைய சக்கரங்களில் ஒன்று கோணல், ஒன்று சின்னது. ஜோடிச் சக்கரம் நம் வீட்டிலேயே இருந்தது, நீ ஸ்கூலுக்கு ஓட்டிப்போன சைக்கிளில். எனக்கு முதலிலிருந்தே அதன்மேல் கண், ஆனால் வாயைத் திறப்பேனா? உன் அப்பா அதை ஒவ்வொரு ஞாயிறும் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து வைக்கிறவர். ஒரு தடவை பக்கத்து வீட்டில் இரவல் கேட்டதற்கே, "அவ வந்தா எதுல போவா?" என்று கேட்டவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் பண்ணினாய். முன்னால் கூடை வைத்த சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டதாகவும், கம்பெனிக்கு அதில்தான் போகிறாய் என்றும் சொன்னாய். "நல்லதும்மா, பிரேக்கு சரியா கீதான்னு பாத்துக்க" என்றார் உன் அப்பா, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உன் சைக்கிளின் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம் ஸ்பேனரை எடுத்து வந்து இரண்டு சக்கரத்தையும் அவரே கழற்றினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன், வெங்காயம் உரிக்கிற சாக்கில்.

அன்றைக்கே சிவசங்கரை வரவழைத்துச் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது பாத்திரங்கள் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தாழ்வாக உட்கார்ந்துகொள்கின்றன. சிவசங்கர், "அண்ணா, நட்டு ஆட்டத்துல கழண்டுரும், வெல்டிங்ல ஒரு பத்து வெச்சு ஒட்டிடறேன்" என்றான். உன் அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். எனக்குக் கோபம், நடுரோட்டில் சக்கரம் கழன்றால் என் கதி என்ன என்று கத்தினேன். அவர் நட்டை இறுக்கிவிட்டு அதன்மேலும் சட்டத்தின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். கம்பெனியில் இப்படித்தான் செய்வார்களாம், நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். தினமும் பஸ்ஸுக்குப் போகுமுன் டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

அந்தத் திங்கட்கிழமை ஜல்லியில் கடகடவென்று போனேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. தங்கமாரி என்று சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, வாசலிலேயே நின்று, "ஏ, ஓடியாங்கட்டி, அக்கா தேரு வந்துட்டு!" என்று கத்தினாள். சசிகலா சாம்பார் குண்டானைத் திறந்து பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுக்க உள்ளே போனாள். ஆர்டர் தப்பித்தது.

ஏன் ஒட்டவிடவில்லை என்று அப்புறம் கேட்டேன். "அவ வந்தா கழட்டி மாட்டணுமில்ல" என்றார். நீ பொங்கலுக்கு வந்து இறங்குகிற அன்றே சக்கரங்கள் உன் சைக்கிளுக்குத் திரும்பிவிடும். அந்த நாட்களில் டிபன் வராது என்று சசிகலாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தாள், சுளிக்கட்டும்.

தலைக்கு எண்ணெய் வை, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நம் ஊர்ப் பெருமாளும் அம்மனும் உன் கூடவே இருக்கட்டும், நீ நன்றாக இரு கண்ணு. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, மறக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அம்சவல்லி